சுகமாகிவிட்ட தோள்

கல்லூரி வாலிபால் அணியில் எல்லோருடைய தோளையும் பரிசோதிக்க ஆள் வருகிறது என்று கோச் தாணு சார் சொன்னதும், ஸ்மைலினுக்கு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பேசுவதற்கு முன் ஒருமுறை எச்சில் விழுங்கிய முகம்.

அது ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு. சர்ச் ஆராதனையின் நடுவில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் அழைத்தார். அம்மா சத்தியபாய் அதுவரை கோயிலில் பாட்டுக்கு மட்டும் வாய் திறந்தவள். அன்று எழுந்து நின்று, மகளுக்கு வலது தோளில் வலி வந்து கையைத் தூக்க முடியாமல் இருந்ததையும், தான் உபவாசம் இருந்து ஜெபித்ததையும், கர்த்தர் பூரண சுகம் தந்ததையும் சொன்னாள். கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்தது. சபை ஆமென் என்றது. வெளியே வந்தபோது, பெரியம்மா முறையான தங்கபாய் பெரியம்மை ஸ்மைலினின் தோளைத் தடவிப் பார்த்து, "இப்ப ஒண்ணும் இல்லல்லா மக்கா?" என்று கேட்டாள்.

அப்போது உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பரீட்சை, விடுமுறை என்று அவள் பந்தைத் தொட்டே பல வாரம் ஆகியிருந்தது.

கல்லூரி திறந்து பயிற்சி தொடங்கியதும் வலி திரும்பி வந்தது. ஓங்கி அடிக்கும்போது தெரியாது. அடித்து முடித்த கை கீழே இறங்கும்போது, தோளின் பின்பக்கம் யாரோ கிள்ளிப் பிடித்திருந்து மெல்ல விடுவதுபோல் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அவள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிப் பழகியவள். முதல் மாதவிலக்கை, முதல் அரியரை, பஸ்ஸில் ஒருவன் உரசியதை. இந்த வலியைச் சொல்ல மட்டும் வழியில்லாமல் போய்விட்டது. ஒரு சபையே கேட்டு ஆமென் சொல்லி முடித்துவைத்த வலி அது. திரும்பவும் அதைத் தன்னுடையது என்று எப்படிக் கேட்டு வாங்குவது? கர்த்தர் கோபிப்பார் என்றெல்லாம் அவள் பயப்படவில்லை. மூன்றாவது பெஞ்சில் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் இடது கையால் சமாளிக்கக் கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்தாள். பின்னல் போடுவதை விட்டுவிட்டு முடியைச் சுருட்டி ஒரு கிளிப்பில் அடக்கினாள். வலிக்குக் காரணம் தோள் இறுகிப்போனதுதான் என்று அவளே முடிவுசெய்திருந்தாள். யாருடைய கை பின்னால் அதிகம் வளைகிறதோ அவளுக்கு அடிபடாது என்பது அணியில் எல்லோருடைய நம்பிக்கை. காலையில் அம்மா ரப்பர் மர விளைக்குப் பால் எடுக்கப் போன பிறகு, வாசல் நிலையில் முன்கையை ஊன்றி, உடம்பை முன்னால் தள்ளி, தோளைப் பின்பக்கமாக இழுத்துவிடுவாள். கண்ணில் நீர் வரும். வலிக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று எண்ணிக்கொள்வாள். ஜனவரியில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதுவரை கை தாங்கினால் போதும். உள்ளே ஏதாவது கிழிந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் அவ்வப்போது வரும். அப்போதெல்லாம் வேறு எதையாவது நினைப்பாள்.

பரிசோதிக்க வந்தவர் பிளஸ்ஸி என்ற பிசியோதெரபிஸ்ட். நாகர்கோவிலில் கிளினிக் வைத்திருப்பவர். மைதானத்தை ஒட்டிய ஜிம் அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ஸ்மைலினின் முறை வந்தபோது, அவளுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் செட்டர் அஸ்வதியும் கூடவே உள்ளே வந்து நின்றுகொண்டாள்.

"இவளுக்க கைய நல்லா பாருங்க அக்கா. பின்னால விட்டா மார்த்தாண்டம் வரைக்கும் போவும்."

"நீ பேசாம நில்லு. ஸ்மைலின், மல்லாந்து படு. முழங்கைய மடக்கு. நான்தான் அசைப்பேன், நீ சும்மா விட்டுரு."

முன்கையைத் தலைப்பக்கமாகச் சாய்த்தார். வலது கை போய்க்கொண்டே இருந்தது. அஸ்வதி பெருமையோடு பார்த்தாள். அடுத்து அதே கையைக் காலின் பக்கமாகத் திருப்பியபோது பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கையையும் இரண்டு பக்கமும் அசைத்து அளந்தார். பிறகு தசையின் பலத்தை அளக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன மீட்டரை ஸ்மைலினின் மணிக்கட்டின் மேல் வைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னார்.

தள்ளினாள். பின்பக்கம் கிள்ளியது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

பிளஸ்ஸி மீட்டரைப் பார்க்கவில்லை. "இடது கையால கட்டில எதுக்கு இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க?" என்று கேட்டார்.

ஸ்மைலின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கை தன்பாட்டுக்குப் போய்ப் பிடித்திருந்தது.

"அஸ்வதி, நீ வெளியே போ."

"நான் ஒண்ணும் கேக்கமாட்டேன் அக்கா."

"அத வெளியே நின்னு கேக்காம இரு."

கதவு மூடியதும் பிளஸ்ஸி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எப்ப இருந்து வலிக்கு?"

ஸ்மைலின் சொல்லத் தொடங்கினாள். வலியில் தொடங்க நினைத்தவள் சாட்சியில் தொடங்கினாள். அம்மா எழுந்து நின்றது, சபை ஆமென் சொன்னது, தங்கபாய் பெரியம்மை தடவிப் பார்த்தது, தினமும் வாசல் நிலையில் தோளை இழுத்துவிடுவது வரை. சொல்லச் சொல்ல, இது ஒரு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

பிளஸ்ஸி முழுவதையும் கேட்டார். "நான் டிகிரி பாஸாயிட்டேன்னு எனக்க அம்மையும் கோயில்ல சாட்சி சொன்னா," என்றார். "எனக்கு ரெண்டு பேப்பர் அரியர் கெடந்தது."

"பொறவு?"

"பொறவு என்ன, எழுதிப் பாஸானேன். அவளுக்கு இன்னும் தெரியாது."

ஸ்மைலினுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான், இவ்வளவு நாளும் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வியைக் கேட்க முடிந்தது.

"உள்ள கிழிஞ்சிருக்குமா அக்கா?"

"பாக்கலாம். எழும்பி இரு."

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார், கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பச் சொன்னார், முன்னாலும் பின்னாலும் அழுத்திப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கையை வைத்துத் தள்ளச் சொன்னார். ஸ்மைலின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே யாரோ சர்வீஸ் போட்டுப் பழகும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. இனி அந்தச் சத்தம் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் தான் யாராக இருப்போம் என்று யோசித்தாள். கை வைக்கச் சொன்ன இடத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கிழிஞ்சதுக்க அடையாளம் ஒண்ணும் இல்ல," என்றார் பிளஸ்ஸி. "ஸ்கேனும் இப்ப வேண்டாம்."

பிறகு பொறுமையாக விளக்கினார். அடிக்கிறவர்களுக்கு அடிக்கிற கை பின்னால் கூடுதலாகப் போவதும், முன்னால் குறைவாக வருவதும் வழக்கம்தான். இரண்டையும் கூட்டினால் அவளுடைய இடது கையும் வலது கையும் ஏறக்குறைய ஒன்றுதான். குறை வேறு இடத்தில் இருந்தது. பந்தை ஓங்கி அறைகிற தசைகளுக்கு நல்ல பலம். அறைந்த கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய பின்பக்கத் தசைகளுக்குப் பலம் போதவில்லை. ஒவ்வொரு அடியிலும் அவைதான் இழுபட்டுக்கொண்டிருந்தன.

"ஏற்கெனவே வேண்டியதுக்கு மேல வளையுது. அதப் போயி தெனமும் வாசல் நிலையில வச்சு இழுத்திருக்க. இறுகினது உனக்க தோள் இல்ல, வாய்."

ஸ்மைலின் தலை குனிந்தாள். வாய் என்றது சரிதான்.

"இனி இழுப்பு கிடையாது. பலத்துக்குச் செய்ய வேண்டியதச் சொல்லித் தாறேன். ஆறு வாரம் தலைக்கு மேல அடி இல்ல. பொறவு கொஞ்சம் கொஞ்சமா. ஒழுங்காச் செய்தா ஜனவரியில நிக்கலாம். இனிமே வலியே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். வந்தா மறைக்காண்டாம், அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. இத்தனை மாதமாகச் சாப்பிட்டதெல்லாம் எங்கே போயிற்று என்பதுபோல ஒரு பசி.

தாணு சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ரெண்டு மாசமாப் பாக்கேன், நீ பந்த அடிக்கல்ல, தடவிக் கொடுக்கே. எவனையாவது காதலிக்கியாக்கும்னு நெனச்சேன்."

"இல்ல சார்."

"தோள்வலின்னா நிம்மதி. அதுக்கு மருந்து உண்டு. நாளைக்கு வந்து பின்னால நின்னு பாஸ் எடு. நெட் பக்கம் கண்டேன்னா கொன்னுபோடுவேன்."

வடசேரி பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கி, பஸ் தக்கலை தாண்டுவதற்குள் தின்று முடித்தாள். தோள் பயம் போய்விட்டது. அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது.

அருமனையில் இறங்கி வீட்டுக்குப் போனபோது சத்தியபாய் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். "வந்தியா? வழியில வல்லதும் வாங்கித் தின்னியா?" என்றாள், நிமிராமலே.

ஸ்மைலின் எதிரில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அம்மா, தோள் வலி போவல்ல," என்றாள். பிளஸ்ஸி சொன்னதையும் கிழியவில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அம்மாவின் கத்தி நின்றது. "போவல்லியா, போயிட்டு வந்துதா?"

"போயிட்டு வந்துது. நீ சாட்சி சொன்ன பொறவு."

சத்தியபாய் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்மைலின் அந்த முகத்தில் வெட்கத்தைத் தேடினாள். அவள் பயந்தது அதற்குத்தான். அது அங்கே இல்லை. வேறொன்று இருந்தது. கூடப் படுத்துத் தூங்கும் பிள்ளை காய்ச்சலில் கிடந்ததை விடிந்த பிறகு அறிந்தவளின் முகம்போல.

"நான் சொன்னதுனால நீ சொல்லல்ல. அப்படித்தானே?"

"ஆமா."

"ஏட்டி, எனக்கு மனசு கெடந்து அடிக்கித வெப்ராளம் பொறுக்காமத்தான் அண்ணைக்கு எழும்பிச் சொன்னேன். சொல்லிட்டா பொறவு திரும்பி வராதுன்னு ஒரு நெனப்பு." கிழங்கைச் சட்டியில் போட்டாள். "நீ முடிய ஒத்தைக் கையால கெட்டும்போதே எனக்குச் சந்தேகம் உண்டு. கேக்கதுக்குப் பயந்து கெடந்தேன்."

ஒரே வீட்டில் ஒரே வலியை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"தங்கபாய் பெரியம்மை கேட்டா என்ன சொல்லுவே?" என்றாள் ஸ்மைலின்.

"கர்த்தர் அவருக்க வேலையச் செய்தாரு. சுகமாக்கின கையக் கொண்டு நீ போயி பொழுதும் பந்த அறைஞ்சா அவரு என்ன செய்வாரு?" சத்தியபாய் கையைக் கழுவினாள். "எங்க வலிக்கு? காட்டு."

ஸ்மைலின் திரும்பி உட்கார்ந்தாள். ஈரக் கை தோளின் பின்பக்கம் தேடிக்கொண்டு வந்து, சரியாக அந்த இடத்தில் அழுந்தியது.

"இஞ்சயா?"

"அம்மா, வலிக்கு," என்றாள் ஸ்மைலின். சொல்லிவிட்டு, இன்னொரு முறையும் சொன்னாள்.