கம்பிக்குள் நுழைகிற மீன்

ஐரினை அவள் கணவன் ஆம்ப்ரோஸ் முதன்முதலாக வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனது 1942 ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த மறுவாரம். அப்படிச் செய்யச் சொன்னதே அவள்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் லஸ் மாதா கோயிலுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த சந்தில் ஏழு வீடுகள். ஒரே வாரத்தில் ஆறு வீடுகளில் ஆளில்லாமல் போயிற்று. எதிர்வீட்டுப் பவுல்சாமி வாத்தியார்கூட மனைவி ஃப்ளோரன்ஸையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். ஆம்ப்ரோஸ் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவனால் போக முடியாது. ஐரினைத் திண்டிவனத்தில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. நீ இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது என்றான். அதைக் கேட்க அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் நடுப்பகலில் யாரோ ஒருவன் கதவைத் தட்டினான். திறந்தாள். தண்ணீர் கேட்டான். கொடுத்ததைக் குடித்துவிட்டும் போகாமல் வாசற்படியிலேயே நின்று வீட்டுக்குள் கண்ணை ஓட்டினான். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். பிறகு தானாகவே போய்விட்டான். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சாயங்காலம்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு அவளே சொன்னாள், நாளையிலிருந்து வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுங்கள், யார் தட்டினாலும் என்னால் திறக்க முடியாதே என்று.

ஜூன் மாதம் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஃப்ளோரன்ஸ் வந்தாள். பள்ளிக்கூடங்கள் திறந்தன. பூட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு டிராம் பிடிக்கப் போகிறவன் கதவைச் சாத்துவான், பூட்டுவான், ஒரு தரம் இழுத்துப் பார்ப்பான். ஆறு மணிக்கு வந்து திறப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய் வருவார்கள். இனிமேல் பூட்ட வேண்டாமே என்று ஓரிரு தரம் அவள் சொன்னாள். பார்க்கலாம் என்றான். அவன் குரலை உயர்த்துகிறவன் இல்லை. சாயங்காலம் வரும்போது கையில் ஏதாவது இருக்கும். சூடாக முந்திரிப் பக்கோடா, நாவற்பழம், ஒருநாள் கடலை உருண்டை. அவள் பொட்டலத்தைப் பிரிப்பதை நின்று பார்ப்பான். இதற்குமேல் அவனிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பதிலிருந்து ஆறுவரை அவளுக்கென்று இருந்தது மத்தியானச் சோறு ஒன்றுதான். முதலில் காலையில் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தேவானை வந்தாள்.

தேவானை ஊரூர்க் குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டி மீன்கூடையைச் சுமந்துகொண்டு வருகிறவள். நாற்பது வயதிருக்கும். சந்தில் அவள் குரல் கேட்டதும் ஐரின் முன்னறை ஜன்னலைத் திறந்தாள். தேவானை பூட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கூடையை ஜன்னலுக்குக் கீழே இறக்கினாள்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. அதில் நுழைகிறதுதான் ஐரினுக்குக் கிடைக்கும். நெத்திலி சுலபமாக வந்தது. சங்கரா சின்னதாக இருந்தால் வந்தது. வவ்வாலைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே தள்ளினார்கள். வஞ்சிரத்துக்கு வழியே இல்லை. தேவானை அரிவாள்மனையைத் தரையில் போட்டு உட்கார்ந்து துண்டு போட்டுக் கொடுத்தாள். பதிலுக்கு ஐரின் அரிசி கொடுத்தாள். பர்மா அரிசி வருவது நின்று, கடைகளில் அரிசிக்காகக் கூட்டம் நின்ற நாட்கள் அவை. தேவானைக்கும் காசைவிட அரிசிதான் வேண்டியிருந்தது. அவள் ஜன்னலடியில் முந்தானையை விரித்துப் பிடிக்க, ஐரின் கம்பிக்குள்ளிருந்து பிடி பிடியாகப் போடுவாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் மாறிப்போயின. பத்து மணிக்கே அவள் மிளகாயையும் தனியாவையும் அம்மியில் வைத்து மசிய அரைப்பாள். மாங்காய் போட்டு நெத்திலிக் குழம்பு வைப்பாள். சட்டியில் குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை பக்கத்திலேயே இருப்பாள். ஒரு மணிக்குத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டாகிவிடும். முள்ளை ஒவ்வொன்றாக எடுப்பாள். கடைசியில் சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவாள். பிறகு சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, முள்ளைக் காகிதத்தில் சுற்றி அடுப்பில் எரித்து, கொஞ்சம் சாம்பிராணி போடுவாள். ஜன்னலைத் திறக்காதே என்று அவன் ஒரு தரம் சொல்லியிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள்.

நவம்பரில் ஒருநாள் தேவானை நண்டு கொண்டுவந்தாள். உயிர் நண்டு. கால்களை மடக்கி ஒவ்வொன்றாகக் கம்பிக்குள் விட்டாள். அஞ்சு நண்டு. அலசுவதற்காகத் தவலைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஐரின் இஞ்சியைத் தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் நாலுதான் இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால், விறகுக்கு நடுவே, கட்டிலுக்குக் கீழே எல்லாம் தேடினாள். அன்றைக்கு நண்டு வறுவலின் ருசியே தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஆம்ப்ரோஸ் வந்தான். விளக்கேற்றிவிட்டு இரண்டு பேரும் செபமாலை சொல்ல மண்டியிட்டார்கள். மூன்றாவது தேவ இரகசியம் சொல்லும்போது அலமாரிக்கு அடியிலிருந்து நண்டு வெளியே வந்தது. தரையில் கால்கள் கறகறவென்று சத்தம் போட, பக்கவாட்டில் நடந்து அவன் முழங்காலுக்கு நேராக வந்து நின்றது.

ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டான். செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். ஐரினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவனே இடுக்கியை எடுத்து வந்து அதைப் பிடித்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தேவானையை, அரிசியை, வஞ்சிரத்தை. தலையாட்டிக்கொண்டே கேட்டான். அந்த ஒற்றை நண்டை மிளகு போட்டு ரசமாக வைத்துக் கொடுத்தாள். நன்றாயிருக்கிறது என்று இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தான். அன்றைக்கு அவள் வெகுநாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு தச்சனைக் கூட்டிவந்தான். ஜன்னல் முழுக்கக் கொசுவலைக் கம்பி அடிக்கச் சொன்னான். ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் என்றான். காய்ச்சல் இருந்தது உண்மைதான். தச்சன் ஆணி அடிக்கும்போது ஆம்ப்ரோஸ் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வலைக்கு வெளியே தேவானையின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மீன் வாசனை மட்டும் உள்ளே வந்தது. முதல் நாள் தேவானை வலையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"அவரு ஒன்ன அடிப்பாரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"குடிப்பாரா?"

"அதெல்லாம் இல்ல. நல்லவருதான்."

"அப்பறம் இன்னாத்துக்கும்மா பூட்டு? கதவ நீ உள்ளார தாப்பா போட்டுக்கினா ஆவாதா?"

தேவானை கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் ஐரின் அங்கேயே நின்றாள். இத்தனை மாதத்தில் இதை ஏன் தான் கேட்கவில்லை என்று யோசித்தாள்.

அன்றிரவு சாப்பாட்டின்போது அவனிடம் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டா நீ திறக்கலாம் இல்ல," என்றான்.

"நான் திறந்தா என்ன?"

"நான் அங்க உக்காந்து வேலை பாக்கணும் ஐரின். நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சாதான் எனக்குக் கை ஓடும்."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. அவன் பயம் திருடனைப் பற்றியும் இல்லை, ஜப்பான்காரனைப் பற்றியும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஃப்ளோரன்ஸிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். உன் புருஷன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கிறார், எங்கள் வாத்தியாரோ நான் செத்தேனா இருக்கிறேனா என்றுகூடப் பார்ப்பதில்லை என்றாள்.

கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. மத்தியானத்தில் அடுப்பு மூட்டுவதை அவள் விட்டுவிட்டாள். காலைச் சோற்றில் மோர் ஊற்றி நின்றுகொண்டே குடித்துவிடுவாள். சில நாள் அதுவும் இல்லை. அவன் கொண்டுவருகிற பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்து நமுத்துப்போயின. அவள் இளைத்துப்போனதைப் பார்த்து அவன் டாக்டரிடம் போய் டானிக் வாங்கி வந்தான்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. அவன் குளித்துக்கொண்டிருந்தான். ஐரின் கரி போடுகிற கும்முட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். இரண்டாவது நடையில் அரிசி, பருப்பு, மிளகாய்ப் பொட்டலம், உப்பு, எண்ணெய், இரண்டு மூன்று சட்டிகள், ஒரு தட்டு. மூன்றாவது நடையில் குடத்துத் தண்ணீர். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தபோது அவள் தெருவில் சுவரோரமாக உட்கார்ந்து அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா," என்றான்.

"நீங்க பூட்டிட்டுப் போங்க. நான் இங்க சமைச்சிக்கறேன்."

எதிர்வீட்டு வாசலில் ஃப்ளோரன்ஸ் வந்து நின்றாள். பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டான். ஆம்ப்ரோஸ் குரலைத் தாழ்த்தி ஏதேதோ சொன்னான். ஆபீசுக்கு நேரமாகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்றான். அவள் தலையை நிமிர்த்தாமல் கரியைக் கிளறினாள். கடைசியில் அவன் கதவைச் சாத்திப் பூட்டினான். வழக்கம்போல ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். ஓடிவந்து சாவியைக் கேட்பாள் என்று நினைத்தானோ என்னவோ, சந்து முனையில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

முதல் ஒரு மணி நேரம் அவளுக்கு அழுகையாக வந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வெயில் ஏறிற்று. சுவரின் நிழல் ஒரு முழம்தான் இருந்தது. அதற்குள் காலை மடக்கிக்கொண்டாள். பதினொரு மணிக்கு ஃப்ளோரன்ஸ் வந்து, இதென்ன அசிங்கம், உள்ளே வா என்று கூப்பிட்டாள். ஐரின் அவள் வீட்டுக் கொல்லைக்கு மட்டும் போய்விட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தேவானை வந்ததும் பக்கத்தில் கூடையை இறக்கி, அடியிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்தாள். இரண்டு பேருமாக அதைக் கழுவித் துண்டு போட்டு, மிளகாயும் உப்பும் தடவி, சட்டியில் எண்ணெய் விட்டுப் பொரித்தார்கள். பருப்பும் சோறும் ஏற்கெனவே ஆகியிருந்தது. தட்டு ஒன்றுதான் கொண்டுவந்திருந்தாள். தேவானை சட்டி மூடியில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு தூக்கலா கீது," என்றாள் தேவானை.

ஐரின் மூன்று துண்டு சாப்பிட்டாள்.

தேவானை போன பிறகு மறுபடி பயம் வந்தது. அவன் வந்து திறக்காவிட்டால் எங்கே போவது? திண்டிவனத்துக்குப் போனால் அண்ணன் என்ன கேட்பான்? அடுப்பு அணைந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆம்ப்ரோஸ் வந்துவிட்டான். அரைநாள் லீவு போட்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்க்காமல் கதவைத் திறந்தான். பிறகு குனிந்து அடுப்பைத் தூக்கினான். அடியில் சூடு இன்னும் இருந்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோய் வைக்கும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டான். கை கழுவிவிட்டு வந்து, எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இரண்டு துண்டு மீன் இருந்தது. போட்டாள். சாப்பிடும்போது அவன் அழுதான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், தேற்றவில்லை.

மறுநாள் அவன் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனான். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திறந்து வெளியே போகலாம் என்று இருந்தும் அன்று முழுக்கப் போகவில்லை. சந்து முனைவரை போவதாக நினைத்தாலே கால் கனத்தது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். ஆம்ப்ரோஸ். ஆபீசில் கேட்டுக்கொண்டு சாப்பிட வந்ததாகச் சொன்னான். சாப்பாட்டுக்காக அத்தனை தூரம் டிராமில் வரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடினான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான்.

நாலாம் நாள் வந்தபோது கதவு தள்ளினதும் திறந்துகொண்டது. வீட்டில் அவள் இல்லை. சோறும் மிளகு ரசமும் பீர்க்கங்காய்க் கூட்டும் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தது. அவன் கொல்லையைப் பார்த்தான். எதிர்வீட்டில் கேட்டான். பிறகு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

ஐரின் வந்தபோது இரண்டேகால். தலைமயிர் காற்றில் கலைந்திருந்தது. காலெல்லாம் மணல்.

"எங்க போயிருந்த?"

"சாந்தோம் கடற்கரைக்கு."

"தனியாவா?"

"ஆமா. நீங்க சாப்பிடலையா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் காலைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தட்டை எடுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். ரசம் ஆறிப்போயிருந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை, உருட்டிக்கொண்டே இருந்தான். அவளுக்கு நல்ல பசி. இரண்டாம் தரம் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறமும் வெகுநாள் அவன் மத்தியானம் வந்துகொண்டுதான் இருந்தான். சில நாள் அவள் வீட்டில் இருப்பாள். சில நாள் இருக்க மாட்டாள்.