பதினோராம் பாகத்து வசவு

இணையத்தில் நான்கு வருடம் அடித்துக்கொண்ட பிறகுதான் நேரில் சந்திக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. 2004 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தாய்பெய் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கொழுக்கட்டைக் கடையின் மாடியில் முப்பத்தொரு பேர் கூடினோம். வெளியே நல்ல மழை. எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஒரே ஒருவர்தான்: லுவோ செங்ஹாய். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து நாங்கள் படித்த 'ஒன்பது துறை வாள்' என்ற வாள்வீரர் கதைத் தொடரை இருபத்திரண்டு பாகமாக எழுதியவர். செத்துப் பதினைந்து வருடமாகியும் எங்களைச் சண்டை போட வைத்துக்கொண்டிருந்தவர்.

அறிமுகத்துக்கு விதி வகுத்தவன் நான். எழுந்து, வலது கை முஷ்டியை இடது உள்ளங்கையில் பதித்து வணங்க வேண்டும். முதலில் இணையப் பெயர், அப்புறம் சொந்தப் பெயர், அப்புறம் எந்தப் பாகத்தை எங்கே முதலில் படித்தோம் என்பது. நானே தொடங்கினேன்.

"துருப்பிடித்த வாள். சொந்தப் பேர் கோ ஜின்லாய். தாய்ச்சுங்ல ஸ்கூட்டர் ரிப்பேர் கடை. மூணாம் பாகம், கணக்கு வகுப்புல."

"அதான் கணக்குல முட்டையா?" என்று யாரோ கேட்க, மாடி அதிர்ந்தது.

அதன்பிறகு தயக்கம் போய்விட்டது. 'மூன்று மலைப் புயல்' என்று மிரட்டியவர் நோஞ்சானான பல் மருத்துவராக இருந்தார். 'ரத்தக் கழுகு' ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. "ஏம்மா, இந்தக் குரல்லயா அத்தனை பேர வெட்டுவேன்னு எழுதின?" என்று பல் மருத்துவர் கேட்டார். "நேர்ல பாத்துட்டேன்ல, உங்கள மட்டும் விட்டுடறேன் அண்ணே" என்றாள் அவள்.

அடுத்து எழுந்தவர் பேராசிரியர் வெய் ஷாவ்டாங். இணையத்தில் 'எழுத்து நீதிபதி'. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கட்டுத் தாள். பதினோராம் பாகத்தின் நான்கு அத்தியாயங்களை லுவோ எழுதவே இல்லை, வேறொருவர் எழுதிக் கொடுத்தார் என்பது அவருடைய புகழ்பெற்ற கட்சி. அன்றைக்கும் அறிமுகத்தோடு நிறுத்தாமல் அதையே தொட்டார்.

"1964ல அந்த அத்தியாயங்க வெளிவந்த நாலு மாசமும் லுவோ கட்டாய ராணுவ சேவையில ஏதோ ஒரு வெளித்தீவுல இருந்தார். எந்தத் தீவுன்னு அவர் கடைசி வரைக்கும் சொல்லல. பத்திரிகையில தொடர் நிக்கக்கூடாதே? தாய்பெயவிட்டு ஒரு நாள்கூட நகராத உதவி ஆசிரியர் ஒருத்தர் எழுதிப் போட்டுட்டார். ஆதாரம் என்னன்னா, அந்த மூடுபனிக் காட்சி. படகுக்காரன் கதாநாயகனப் பாத்து ஒரு வரி சொல்றான். அதுக்கு அர்த்தமே கிடையாது. லுவோ அர்த்தமில்லாத வரி எழுதற ஆளா?"

அந்த வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மேகம், அரிவாள், கிழக்கு, ஏழு, ஈரம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பதினெட்டு எழுத்துகள்; எங்கள் மொழியில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல். அச்சுப் பிழை என்றார்கள் சிலர். கதையில் வருகிற ஒன்பது துறைக் கூட்டத்தின் ரகசியக் குறியீடு என்றோம் நாங்கள். அதை உடைக்க ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் நோட்டுப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியாக ஒருவர் பாக்கி இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. எள் தூவிய, நடுவில் ஓட்டை போட்ட ரொட்டிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் இருந்தார். யாரோ ஒரு வாசகரின் அம்மா, துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, நீங்களும் சொல்லணும். விதி விதிதான்" என்றேன்.

அவர் எழுந்தார். விதிப்படி வணங்கினார். "தனிப்படகு" என்றார்.

கிசுகிசுப்பு ஓடியது. தனிப்படகை எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடத்தில் பத்துப் பதிவுகூடத் தாண்டாத பெயர். அதில் ஒன்று பேராசிரியருக்குப் போட்ட பதில்: 'அது அவர் எழுதினதுதான். எனக்குத் தெரியும்.' "தெரியும் என்பது ஆதாரம் ஆகாது அம்மணி" என்று அவர் இரண்டு பக்கத்துக்குக் கிழித்திருந்தார். தனிப்படகு அதற்குப்பின் வாயே திறக்கவில்லை.

"சொந்தப் பேர் சாவ் பிங்ஜூ. பஞ்சாலையில முப்பது வருஷம் வேலை. ஆறாங் கிளாஸ்தான் படிச்சேன். உங்கள மாதிரி பேச வராது. ஊரு மாட்சு தீவு, ராணுவக் காவல்ல இருந்த வெளித்தீவு. பதினோராம் பாகத்தத்தான் நான் மொதல்ல படிச்சேன். ஆலை விடுதியில, இருபத்திரண்டு வயசுல. படகுக்காரன் பேசற எடம் வந்ததும் சிரிச்சேன் பாருங்க, கட்டில்லருந்து விழுந்துட்டேன். எட்டுப் பொண்ணுங்க அந்த அறையில. ஏண்டி சிரிக்கறன்னு கேட்டாங்க. வாசிச்சுக் காட்டினேன். ஒருத்திக்கும் புரியல. அதுலருந்து நான் தனியாத்தான் சிரிச்சுக்கிட்டிருக்கேன்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

"கண்ணால படிச்சா ஒண்ணுமில்லீங்க ஐயா. எழுத்துக்கு அர்த்தம் பாக்கக்கூடாது, சத்தத்தத்தான் கேக்கணும். எங்க ஊரு பேச்சுல வாய்விட்டுப் படிக்கணும். அத நான் கம்ப்யூட்டர்ல எப்படி எழுதிக் காட்டுவேன்?"

"இப்ப படிங்க அக்கா!" என்று ரத்தக் கழுகு கத்தினாள்.

யாரோ புத்தகத்தை நீட்டினார்கள். அவர் அதை வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, மூடுபனிக்குள் எதிர்ப்படகைப் பார்ப்பவர்போல இடுப்பில் கைவைத்துக்கொண்டார். கூச்சம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அதே பதினெட்டு எழுத்துகள்தான். ஆனால் ஏறி, இறங்கி, கடைசியில் சாட்டையைச் சொடுக்கியதுபோல முடிந்தன. கீழே கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு நாங்கள் எல்லோரும் பேசுகிற மொழியில் அதைச் சொன்னார்.

"பாறையில சிப்பி ஒட்டின மாதிரி நிக்கறியேடா! உங்கம்மா உன்னப் பெத்தப்ப நங்கூரத்தையும் சேத்தா பெத்தா? கயித்த விடுடா, காஞ்ச கருவாட்டு மூஞ்சி!"

அடுத்த கணம் மாடி வெடித்தது. பல் மருத்துவர் மேசையில் தலையைச் சாய்த்துக் கதறிக் கதறிச் சிரித்தார். நாற்பது வருடமாக நாங்கள் பூஜை செய்த ரகசியக் குறியீடு, மானமுள்ள எங்கள் வாள் வீரனைப் பார்த்து ஒரு படகோட்டி விட்ட வசவு! என் கோடை விடுமுறையை நினைத்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாவ் அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். முப்பத்துநான்கு வருடம் சேர்த்துவைத்த சிரிப்பு, அடங்கவே இல்லை.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னார். பேராசிரியர் புத்தகத்தில் விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தியபடி கேட்டார். "அறுபத்துநாலுல உங்க தீவுக்கு வெளியாளு வரலாமா?"

"எங்கேருந்து? ராணுவம் அனுமதி கொடுத்தாத்தான் காக்காவே பறக்கும். ஊர்க்காரன் இருக்கணும், இல்ல சிப்பாய் இருக்கணும். எங்க கரையில எங்காளுங்க இப்படித்தான் கத்துவாங்க. பக்கத்துல காவலுக்கு நின்ன யாரோ ஒரு சிப்பாய் காதுல விழுந்தத விழுந்தபடி எழுதியிருக்கான்."

பேராசிரியர் தாள்கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. எதிர்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம்.

"தாய்பெயவிட்டு நகராத ஆளுக்கு இது தெரிய வழியே இல்ல" என்றார் மெதுவாக. "அங்க நின்ன சிப்பாய் லுவோதான். பதினோரு வருஷம் நான் தப்பா எழுதியிருக்கேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முஷ்டியை உள்ளங்கையில் பதித்து, இடுப்பு வளைய வணங்கினார். "தனிப்படகு அவர்களே, தோத்துட்டேன்."

"அய்யோ, நீங்க போய் என்னக் கும்பிட்டுக்கிட்டு... உக்காருங்க ஐயா!" என்று அக்கா பதறினார். ஆனால் அதற்குள் முப்பது பேரும் எழுந்து வணங்கிவிட்டோம். கடைக்காரர் தன் கணக்கில் இரண்டு தட்டுக் கொழுக்கட்டை அனுப்பினார். மழை விடும்வரை அந்த நான்கு அத்தியாயங்களிலும் படகுக்காரர்கள் வாய் திறக்கிற இடமெல்லாம் அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். புரியாத வரி என்று நாங்கள் தாண்டிப்போன இடங்களில் ஒரு தாலாட்டு இருந்தது, கல்யாணப் பேரம் இருந்தது, மூன்று வசவுகள் இருந்தன.

மறுவருடம் வந்த புதுப் பதிப்பில் பதினோராம் பாகத்துக்கு அடிக்குறிப்புகள் சேர்ந்தன. பதிப்பாளரிடம் அதற்காக வாதாடியவர் பேராசிரியர் வெய். குறிப்புகளுக்குக் கீழே 'சாவ் பிங்ஜூ, மாட்சு' என்று அச்சாகியிருந்தது. வசவுகளைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றித் தர முடியுமா என்று பதிப்பகத்திலிருந்து அவருக்குப் போன் செய்தார்களாம்.

"கயித்த விடாம நிக்கறவன்கிட்டப் படகுக்காரன் தயவு செஞ்சுன்னா கெஞ்சுவான்?" என்றாராம் அக்கா. "இருக்கறத இருக்கறபடி போடுங்க."

அப்படியே போட்டார்கள்.