காதுக்குள் இருந்தவனின் பாடு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், துளசிங்கத்தின் இடது காதிலிருந்து இன்னொருவன் பேசினான். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. துளசிங்கம் பிறந்தபோதே மண்டை கண்ணாடி போல இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே மூளை இரண்டு துண்டாக, நடுவே ஒட்டாமல் தெரியும். கோட்டை வைத்தியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கருவிலேயே சேராமல் போன மூளை, ஆள் வளர்ந்தபின் இதிலிருந்து குரல் கிளம்பினாலும் கிளம்பும், தன்னிடம் மருந்து இல்லை என்று மறைக்காமல் சொன்னார். நல்ல மனுஷர். கல்யாணமான மறு வருஷம் குரல் கிளம்பியது.

அதற்கு ஒரே பேச்சுதான்: "ஏரியில எறங்கு, செத்துப் போ." துளசிங்கமும் பேச்சைத் தட்டாமல் இறங்குவான், மீன்பிடிக்கப் போனவர்கள் முடியைப் பிடித்து இழுத்து வருவார்கள். இழுத்து இழுத்துச் சலித்துப்போய், அவனைச் சங்கிலியில் கட்டிப்போடுவதென்று ஊர் கூடியது. அவன் மனைவி வேலம்மா கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். பெண்கள் அங்கே பேசும் வழக்கமில்லை. அவள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

"காதுக்குள்ள இருக்கறவன் ஏன் சாவ சொல்றான்னு யாராச்சும் கேட்டீங்களா? ஊர்ல எல்லாருக்கும் ஏரியில பாடு இருக்குது. அவனுக்கு இன்னா இருக்குது?"

மீன் கூடும் இடத்தில் ஆள் மாற்றி ஆள் வலை போடும் முறைதான் பாடு. ஊர்த்தலைவர் ஆதிகேசவன் தாடியைச் சொறிந்தார். "கல்யாணம் ஆனவனுக்குத்தாம்மா பாடு."

"எனக்குத் தாலி ஏறுனப்ப அவனும் உள்ளதான இருந்தான்?"

ஆதிகேசவன் சங்கிலியைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

காதுக்காரனுக்கும் பாடு விழுந்தது. அவன் முறை வரும் நாளில் துளசிங்கத்தின் வலது கை சும்மா கிடக்கும். இடது கை மட்டும் வலை போடும். குரல் போய்விடவில்லை. காற்றைப் பற்றியும் மடவை மீன் வரத்தைப் பற்றியும் ஓயாமல் பேசியது. சில நாள் பழைய புத்தி தலைகாட்டும், வேலம்மா ஓர் அதட்டுப் போடுவாள்.

இப்படியே தலை நரைத்தது. ஓர் ஐப்பசிப் புயலில் துளசிங்கத்தின் படகு கவிழ்ந்தது. நீந்தி நீந்திக் கை ஓய்ந்து, போதும் என்று இந்தத் தடவை அவனே தண்ணீருக்குள் போகப் பார்த்தான். கரையில் நின்று கதறிக்கொண்டிருந்த வேலம்மாவுக்குக் காதுக்காரனின் கூச்சல் கேட்டது.

"நீந்துடா சோம்பேறி! நாளைக்கு என் பாடு!"

நீந்தினான். மறுநாள் இடது கை வலை போட்டது. மடவை கிடைத்தது, சுமாராக.