ஊர்சுற்றிகளின் மாநாடு

“போனா அப்படியே போயிடு. திரும்பி வந்தா இந்த வீட்டுக் கதவு திறக்காது.”

“நம்ம வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதும்மா.”

இது பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிக்கும் அவள் மகள் ரோகினிக்கும் நடந்த சண்டையின் நடுப்பகுதி. ஆரம்பத்தைத் தவறவிட்டுவிட்டேன், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பெடாஸ் பக்கத்தில் அப்போது இன்னும் இடிக்காமல் விட்டுவைத்திருந்த தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்காமல் இருக்கமுடியும். பொத்திக்கொள்ள எனக்கு என்ன வந்தது?

சண்டை சனிக்கிழமையைப் பற்றியது. அன்றைக்குத்தான் ராசா என்ற ஊரிலிருந்து ரோகினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை புனிதன் கார் ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அதே சனிக்கிழமை ரோகினிக்குக் கடல் தாண்டிக் கூச்சிங்கில் மாநாடு. அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும். ஆடி கழியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லலாம்தான். முப்பத்து நாலு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லத் தனலெட்சுமிக்கு வாய் வரவில்லை.

ரோகினிக்குச் சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. விடுமுறை கிடைத்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக எங்காவது கிளம்பிவிடுவாள். போய்வந்த இடத்தைப் பற்றி இணையத்தில் எழுதுவாள். அந்த வலைப்பூவுக்கு அவள் வைத்திருந்த பேர் ‘ஊர்சுற்றி’. எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் பாராங்கத்தியைத் தூக்குவார்கள். இவள் தானே சூட்டிக்கொண்டாள். லயத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். பெற்றவர்களுக்கு மட்டும் தெரியாது. இந்த மாதிரிச் சங்கதி எப்போதும் கடைசியாகத்தான் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அவளுக்குக் கல்யாண ஆசை இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். இருந்தது, அதுவும் புனிதன்மேல்தான் இருந்தது. லுக்குட் கோட்டையைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துவிட்டு அவன் கீழே நாலு வரி எழுதப்போய், அது ஒரு வருடப் பேச்சாக வளர்ந்திருந்தது. தரகர் கொண்டுவந்த வரன் என்று தனலெட்சுமி கோயிலில் தேங்காய் உடைத்தாளே, அந்தத் தரகரை அனுப்பியதே இந்த இரண்டு பேரும்தான். மாநாட்டில் பேசுவதாக ரோகினி முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள். “நீ போயிட்டு வா, எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று புனிதன் சொல்லியிருந்தான். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவள் தாயிடம் அத்தனை வீறாப்பாக நின்றாள்.

சண்டையைத் தீர்த்துவைத்தவர் அவள் அப்பா அமிர்தலிங்கம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர், தொழிற்சங்க மாநாட்டுக்கெல்லாம் பேருந்து ஏறிப் போனவர். அவருக்கு மாநாடு என்றால் மேடை, தீர்மானம், மாலை, பொட்டலச் சோறு. மகள் மாநாட்டில் பேசப்போகிறாள் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மாநாடு என்றால் போய்த்தான் ஆகவேண்டும், பெண்ணை அவர்கள் போனில் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ராசாவுக்கும் அப்படியே அழைத்துச் சொன்னார். சொன்னவர், பயணம் எழுதுகிறவர்களின் மாநாடு என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை கேசரி கிண்ட ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

மாப்பிள்ளையின் தாய் நீலாவதி, ராசாவில் ஒரு கோயிலின் மகளிர் பிரிவுத் தலைவி. கழுத்து நிறைய நகை, முகம் நிறைய சந்தேகம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த கறையான் மண்ணைப் பார்த்துக்கொண்டே, எந்தக் கட்சி மாநாடு என்று கேட்டாள். அமிர்தலிங்கம் திகைத்துப்போய், எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள் என்று நினைப்பதாகச் சொன்னார். ஒய்பி வருவாரா என்று அடுத்த கேள்வி. ஒய்பி என்றால் எங்கள் ஊரில் சட்டமன்ற உறுப்பினர். ஒய்பி இல்லாமல் மாநாடு ஏது என்று தனலெட்சுமி குறுக்கே விழுந்து சொல்லிவிட்டாள்.

நீலாவதி நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கோயில் மண்டபக் கூரைக்கு விண்ணப்பம் போட்டுப் பல காலமாகிறதாம், மருமகள் ஒய்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடுமாம். மருமகள் என்றே சொன்னாள். இரண்டாவது தட்டுக் கேசரியும் வாங்கிக்கொண்டாள். புனிதன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் அவன் எதுவும் பேசியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அழைப்பு போட்டார்கள். திரையில் ரோகினி வந்தாள். தாய் சொன்னபடி சேலைதான் கட்டியிருந்தாள், பின்னால் ஒரே சத்தமும் சிரிப்பும். கழுத்தில் நாடா கட்டிய அட்டை ஒன்று. அதில் மை பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை நீலாவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளிப்பிள்ளை மாதிரி கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

“ஊர்... சுற்றி. என்னாம்மா அது கழுத்துல?”

“என் பேருங்க அத்தை. இங்க எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

அவள் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். புனிதன் எல்லாவற்றையும் பேசிவைத்திருப்பான் என்ற நம்பிக்கை. தனலெட்சுமி கையிலிருந்த தேத்தண்ணீர்த் தட்டை அப்படியே கீழே வைத்தாள். நீலாவதி மகன் பக்கம் திரும்பினாள்.

“இது ஒனக்குத் தெரியுமா?”

புனிதன் தலையைத் தூக்கவில்லை. “இல்லம்மா.”

போனை யாரும் அணைத்திருக்கவில்லை. ரோகினியின் முகம் அதில் இருந்துகொண்டேதான் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ படம் எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். மலாய்க்கார வாயில் ‘ஊர்சுற்றி’ என்பது ‘ஊசுத்ரி’ ஆகிக் கேட்டது. அவள் அசையவில்லை. நீலாவதி சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் போனைத் தனலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“நல்ல பேரு. நாங்க கெளம்புறோம்லா.”

கார் போன பிறகு அமிர்தலிங்கம் நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். அப்புறம், மாநாட்டில் பேட்ஜ் குத்துவது வழக்கம்தானே என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ரோகினி திரும்பி வந்தபோது சண்டை இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. தாய் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நிற்க எனக்கே ஒருமாதிரி இருந்தது. அவள் பின்கட்டுக் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தபோது போய், அப்படி என்னதான் இருக்கிறது அந்த மாநாட்டில் என்று கேட்டேன். தங்கமா கொடுக்கிறார்கள் என்றும் கேட்டேன்.

“அங்க என்னைப் படம் எடுக்க ஆள் இருக்குக்கா.”

எனக்குப் புரியவில்லை. சொன்னாள். மற்ற இடத்திலெல்லாம் கைப்பேசியைக் கல்லில் சாய்த்துவைத்துவிட்டு ஓடிப்போய் நின்று சிரிக்கவேண்டுமாம். அவள் எழுத்தோடு வரும் அத்தனை படமும் அப்படி எடுத்ததுதானாம். மாநாட்டுக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வருடம் முழுக்கத் தனியாகச் சாப்பிடுகிறவர்கள். அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்தால் யாராவது தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பேருந்தைத் தவறவிட்டது, விடுதியில் மூட்டைப்பூச்சி கடித்தது, தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்று சொன்னது, இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை, அடுத்தது எங்கே என்றுதான் கேட்பார்களாம்.

கூடச் சேர்ந்து சோறு தின்னவா கடல் தாண்டிப் போனாய் என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேட்டேன், புனிதன் சொன்னது காதில் விழுந்ததா என்று.

“விழுந்துச்சு.” ஒரு சட்டையைப் பிழிந்து உதறினாள். “அம்மாவ மீற முடியலன்னு இப்ப எழுதுறாரு. ஆடி போகட்டுமாம், பேசிப் பாக்குறாராம். அந்த ‘இல்லம்மா’ மட்டும் கேக்காம இருந்திருந்தா காத்திருப்பேன்க்கா.”

பதில் எழுதினாயா என்று கேட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போய்விட்டாள்.

ஆவணியில் புனிதனுக்கு லுக்குட்டில் கல்யாணம். பெண் ஒரு பட்டறைக்காரர் மகள், பாஸ்போர்ட்டே எடுத்ததில்லையாம். நீலாவதி அதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ரோகினி அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு அதே கடல் தாண்டி மீரிக்குப் போய்விட்டாள், அங்கேயும் ஒரு பல் கிளினிக்தான். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. லயத்தை இடித்தபோது அமிர்தலிங்கமும் தனலெட்சுமியும் ரெம்பாவில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. தீபாவளிக்கு நான் போயிருந்தேன். ரோகினி வந்திருக்கவில்லை.