சரி சொல்லும் வேலை

...எதுக்கும் ஒரு காரணம் வேண்டாமா, இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்குப் பின்னால் ‘இன்’ போடு, இன்னொன்றுக்கு ‘ஆன்’ போடு, ஏன் என்று கேட்டால் அப்படித்தான் சொல்லுவாங்கப்பா என்கிறாள் மகள், குழாய் வேலையில் இந்தக் கதை நடக்குமா, மரை பிடிக்காமல் எல்போ வளைவை முடுக்கிவிட்டு வால்வைத் திறந்தால் தண்ணீர் முகத்திலேயே அடிக்கும், தப்பு தன்னாலே வந்து சொல்லும், இங்கே எதைச் சொன்னாலும் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை... அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். விடையெல்லாம் அங்கேதான். நாளைக் காலை மகளுக்கு இங்கிலீஷ் பரீட்சை, தேறினால் கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, தேறாவிட்டால் இதே வீடு, இதே பஸ், இதே அப்பன். அவள் மேசைமேல் போர்வையை விரித்து, நாளைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டபடியே ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சரி, தப்பு என்பார். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, உருவம் தெரிந்தால் போதும், குழாய்ச் சாமான் பெட்டிகளில் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் பழகிய கண்தானே. “‘குட்’டுக்கு ‘இன்’ப்பா” என்றாள். புத்தகத்தில் ‘அட்’ என்று இருந்தது. இன்னொரு தரம் பார்த்தார். அதேதான். “சரி” என்றார்.

வாயிலிருந்து எப்படி வந்தது அது... ஏன், அச்சடித்தவன் தப்பாக அடித்திருக்கக் கூடாதா, அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கா, மருந்துச் சீட்டில் அவரையே பொம்பளை என்று அடித்துக் கொடுத்தவர்கள்தானே, இத்தனூண்டு வார்த்தைக்காகவா ஒருத்தியைத் தோற்கடிப்பார்கள்... தோற்கடித்தால்தான் என்ன... சீ, என்ன புத்தி இது. ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் சரிசெய்தவர், இந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் மாதக்கணக்கில் சொட்டுகிறது, அவளும் தினம் திட்டுகிறாள், வாஷர் அவர் சட்டைப்பையிலேயே கிடக்கிறது, போடத்தான் கை வரவில்லை, திட்ட ஆள் இருக்கிறவரை சொட்டட்டுமே... இவள் போய்விட்டால் அது யாருக்காகச் சொட்டும்? “என்னப்பா, உக்காந்துக்கிட்டே தூங்குறீங்களா?” “தூங்கல. நீ காலரக் கருக்காம இரு.” “காலர் தன்னத்தானே பாத்துக்கும், நீங்க புத்தகத்தப் பாருங்க.” வாய்க்கு மட்டும் பரீட்சை வைத்தால் இவள்தான் முதல், அப்படியே அவளுடைய அம்மா... அம்மாக்காரி உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் புத்தகத்தைப் பிடுங்கியிருப்பாள், பொய்யன் கையில எதுக்குடி குடுத்தே என்று. இப்போது சொல்லிவிடலாமா, கண் சரியாகத் தெரியவில்லை, முன்னால் சொன்னது தப்பு என்று... சொல்லலாம், அடுத்ததை முடித்துவிட்டுச் சொல்லலாம்.

“‘டிபெண்ட்’டுக்கு... ‘வித்’” என்றாள். விரல் நின்றது. ‘ஆன்.’ இது அவள் முதன்முதலில் மனப்பாடம் செய்தது, காலையில்கூடப் பல் தேய்த்துக்கொண்டே, நுரை வாயோடு சரியாகச் சொன்னது. நிமிர்ந்தார். அவள் சட்டையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவன் பொய் சொல்கிறானா என்று ஆழம் பார்க்கிறாளோ, இல்லை, இவளுக்கும் போக மனசில்லாமல், அதை என் வாயால் முடித்துவைக்கச் சொல்கிறாளோ... அப்படியென்றால் முன்னால் சொன்ன அந்த ‘இன்’னும் தெரிந்தே சொன்னதா... “சொல்லுங்கப்பா, சரியா தப்பா?” சமையலறைக் குழாய் ஒரு சொட்டு விட்டது. இஸ்திரிப்பெட்டி ஒரே இடத்தில் நின்றிருந்தது, காலர் கருகும் வாசனை லேசாக எழுந்தது, அவருக்கும் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும், எடு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை.