சனிக்கிழமை விமானம்

"ஏட்டி இன்பம், அந்த சூட்கேஸத் தொறட்டி."

ஞானப்பூ அக்கா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட வருகிறவள் அவள்தான். முப்பது வருஷ டெல்லி வாழ்க்கையில் அவளுடைய நாசரேத்துத் தமிழும் மாறவில்லை, அதிகாரமும் குறையவில்லை. அலமாரியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுத்தான் இந்த அறைக்கு வந்திருந்தாள்.

"அங்க இருக்கதெல்லாம் துவைச்சுத் துவைச்சு நைஞ்சுபோன சேலை. ஒங்கம்மைக்கு ஒரு வெள்ளப் பட்டு உண்டுல்லா, கல்யாணத்துக்குக் கட்டினது? அத எங்க வச்சிருக்கா?"

அது சூட்கேஸில்தான் இருந்தது. இன்பராணி அமெரிக்காவில் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகட்டும் என்று அம்மா தன் கையாலேயே மடித்து, பாச்சை உருண்டை போட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தது. அதை எடுக்க வேண்டுமானால் மேலே உள்ளதையெல்லாம் எடுத்துத்தான் ஆக வேண்டும். இன்பராணி முழங்காலிட்டு இரண்டு பூட்டையும் திறந்தாள்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி அவளுக்கு விமானம். ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகம் உயிர்வேதியியல் படிக்க இடமும் உதவித்தொகையும் கொடுத்திருந்தது. ஆகஸ்ட் இருபத்துமூன்று, திங்கட்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் உதவித்தொகை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். உதவித்தொகை இல்லாமல் அமெரிக்கா என்பது கரோல் பாக்கின் ஒண்டு வீட்டில் இருந்துகொண்டு நினைக்கிற காரியமில்லை. இரண்டு வருஷம் பரீட்சை எழுதி, விண்ணப்பம் போட்டு, தூதரக வாசலில் வெயிலில் நின்று வாங்கிய இடம் அது.

அம்மா விடியற்காலை நாலரை மணிக்குப் போய்விட்டாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், தன் பாயில் படுத்தபடியே. அப்பா சத்தியசீலன் செயலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்ப் படுத்தவர். மிச்சமிருந்த இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டித்தான் அடுத்த அறையில் தூங்கிய மகளை எழுப்பினார். டாக்டர் மாடியேறி வந்து, நாடியைத் தொட்டுப் பார்த்து, ஹார்ட் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் நல்லது என்று இருந்ததெல்லாம் சூட்கேஸுக்குள் ஏறியிருந்தது. சாவு வீட்டுக்கும் நல்லதுதான் வேண்டியிருக்கிறது.

முதலில் பட்டு வெளியே வந்தது. பிறகு குளிப்பாட்டத் துண்டு கேட்டார்கள். வீட்டுத் துண்டுகள் நாரும் ஓட்டையுமாக இருக்க, புதுத் துண்டு இரண்டும் போயின. "பவுடர் டப்பா இருக்கா?" இருந்தது. "இது என்னது, ஓடிகோலனா? நல்லதாப் போச்சு, வெக்கையில தாங்காது." அதுவும் போயிற்று. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கப் புதுத் தம்ளர்களும் போயின. அம்மா இருக்கிற ஒரே நல்ல போட்டோ, கனாட் பிளேஸ் ஸ்டுடியோவில் நாலு பேரும் விறைப்பாக நின்று எடுத்தது, சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. அண்ணன் இஸ்ரவேல் அதை எடுத்துத் தலைமாட்டில் சாய்த்து மாலை போட்டான். செத்தவள் ஒருத்தியும் சாகாத மூன்று பேரும் ஒரே மாலைக்குள் இருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து மணிக்குச் சவப்பெட்டி வந்தது. உள்ளே வெறும் பலகை. செய்தவன், "கப்டா ஆப் லோக் டாலியே" என்று, துணியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பதாகச் சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். அண்ணி வத்சலா இன்பராணியைப் பார்த்தாள். இன்பராணி எழுந்துபோய் அமெரிக்காவில் கட்டிலுக்கென்று வாங்கிய வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கிற பழக்கம் அதற்குள் வந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள், பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"நல்லவேள, நீ இன்னும் கெளம்பல."

"நல்லவேள, நீ இருந்தே. இல்லேன்னா அப்பா கதி?"

கீழ் வீட்டு கௌர் ஆன்ட்டி அதையே இந்தியில் சொன்னாள். பாதிரியார் அதை ஜெபத்திலேயே சேர்த்துவிட்டார். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவர் சொல்லும்போதும் கதவு ஒன்றை யாரோ மெதுவாகச் சாத்துவது போலிருந்தது அவளுக்கு. ஜன்னலோ ஒன்றுதான், அதையும் மறைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

மாடிப்படித் திருப்பத்தில் இஸ்ரவேல் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"தேக் இன்பா, டிக்கெட்டக் கேன்சல் பண்ண வேண்டாம். டேட் மட்டும் மாத்திக்கலாம்."

"எந்த டேட்டுக்கு?"

"பார்க்கலாம். அடுத்த வருஷம்னு வச்சுக்கோ."

"அடுத்த வருஷம் அவங்க தரமாட்டாங்க அண்ணா. ரெண்டு வருஷம் அப்பாவ நீ ஜனக்புரிக்கு, உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்."

இஸ்ரவேல் சுவரைப் பார்த்தான். கெட்டவனில்லை. மாதம் தவறாமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பவன்தான். "ரெண்டு ரூம் வீடு. வத்சலா ஸ்கூலுக்குப் போறா, நான் பேங்குக்குப் போறேன். அவங்கம்மா வேற இருக்காங்க. பகல்ல யாரு பெட்பேன் வைப்பா? சொல்லு."

"ஆள் வச்சுக்கலாம். நான் அங்கேருந்து அனுப்பறேன்."

"அம்மா கைய விட்டா வேற ஆள் தொட அப்பா விட்டிருக்காரா?"

"பழகிப்பார்." தன் குரல் இவ்வளவு உறுதியாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "நான் சனிக்கிழமை போறேன் அண்ணா. அம்மாவும் அதத்தான் சொல்லுவா."

"அடக்கம் பண்ணி ரெண்டாம் நாளா? சபையில என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்."

அவன் கீழே இறங்கிப் போனான். அவள் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போயிற்று. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் மற்றக் காகிதங்களும் சூட்கேஸின் மூடிப்பையில், நீல ஃபைலில், பத்திரமாக இருந்தன. சேலையும் துண்டும் போனால் போகிறது. அந்த ஃபைல் இருந்தால் போதும்.

மேலே போனபோது அப்பா கட்டிலில் அமைதியில்லாமல் இருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான். இடது கையால் நெஞ்சைத் தட்டுவார், பிறகு கட்டில் தலைமாட்டுப் பலகையைக் காட்டுவார், பிறகு இன்பராணியைக் காட்டுவார். தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார். பெட்பேன் வைத்தார்கள், தட்டிவிட்டார். அந்தப் பலகையில் அம்மாவின் வேதப்புத்தகம் மட்டும்தான் இருந்தது.

"வேதம் வாசிக்கச் சொல்லுதாவ" என்று ஞானப்பூ அக்கா கண்டுபிடித்தாள். பாதிரியார் தம் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்தார். அப்பா கண்ணை மூடித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். பார்த்தவர்கள் அழுதார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். அம்மா வெள்ளைப் பட்டில், இருபத்தைந்து வயதில் வாங்கிய சேலையில், சுருங்கிப் போய்க் கிடந்தாள். ஞானப்பூ அக்கா கடைசியாக ஒரு தரம் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு, பலகையிலிருந்த கறுப்பு அட்டை வேதப்புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"இவ கையவிட்டு எறங்காத புஸ்தவம். கூடவே போட்டும்."

கட்டிலை ஒட்டித்தான் சவப்பெட்டி இருந்தது. அம்மாவின் கைகளுக்குக் கீழே புத்தகத்தைச் செருகியபோது அப்பாவின் இடது கை நீண்டு வந்து அதன் ஓரத்தைப் பற்றியது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இஸ்ரவேல் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். "விடுங்கப்பா. அம்மா கொண்டு போகட்டும்பா." அவன் கண்ணீர் அப்பாவின் கையில் விழுந்தது. அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் பார்த்தது அம்மாவை அல்ல, இன்பராணியை. அவளுக்கு அது துக்கமாகத்தான் தெரிந்தது.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வருகிறதென்று நகரம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி சுற்றிச் சுற்றி, புழுதிக்குள் நின்று நின்று, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர ஐந்தாகிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. "ஜல்தி, ஜல்தி" என்று குழி வெட்டியவர்கள் அவசரப்படுத்தினார்கள். பாதிரியாரும் வசனங்களைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னார். பெட்டிக்காரன் ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு சுத்தியலோடு நின்றான்.

"மொகம் பாக்கவிய பாத்துக்கிடுங்க" என்றாள் ஞானப்பூ அக்கா.

இன்பராணி கடைசியாகக் குனிந்தாள். அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டு நிமிரும்போது கண் கைகளுக்கு வந்தது. விரல்களுக்குக் கீழே வேதப்புத்தகம். வண்டியின் குலுக்கலில் அதன் தாள்களுக்கு நடுவிலிருந்து நாலாக மடித்த வேறொரு காகிதத்தின் முனை வெளியே வந்திருந்தது.

பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-ட்வென்டி தாள். அமெரிக்காவில் இறங்கியதும் அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விசா இருந்தும் உள்ளே விடமாட்டார்கள். இன்னொன்று கேட்டு எழுதினால் வந்து சேர மூன்று வாரமாகும்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம். ஜெபம் தேவைப்படுகிற காகிதம் எதுவானாலும் ராத்திரி அவள் வேதப்புத்தகத்துக்குள்தான் தூங்கும். இஸ்ரவேலின் பேங்க் உத்தரவு தூங்கியிருக்கிறது, அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு தூங்கியிருக்கிறது. இந்தத் தாள் வந்த நாளிலிருந்து தினமும் படுக்கப் போகுமுன் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வாள். காலையில் இன்பராணி எழுந்திருப்பதற்குள் ஃபைலில் திரும்ப வைத்துவிடுவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதனால்தான் இன்பராணிக்கு அந்த நினைப்பே வரவில்லை. இன்று காலை திரும்ப வைக்க ஆள் இல்லை.

பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஒரே ஆள் அப்பா.

அவள் கை பெட்டிக்குள் போயிற்று. புத்தகத்தை எட்டவில்லை, பட்டின் கரையில் பட்டது. அவ்வளவுதான், ஞானப்பூ அக்கா பின்னாலிருந்து அவளை வாரிக் கட்டிக்கொண்டாள். வத்சலா ஒரு தோளைப் பிடித்தாள்.

"பிள்ளையப் பிடிங்க! காலையிலேருந்து கல்லா நின்னா, இப்பத்தான் ஒடையுதா. அழுதுரு மோளே, அழுதுரு."

"விடுங்க… அதுல…"

நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன. அதிலே என்ன? ஒரு காகிதம். செத்த அம்மாவின் கைக்குக் கீழிருந்து அமெரிக்கா போகிற காகிதத்தை உருவித் தா என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் எடுத்துக்கொடுத்திருப்பார்கள். அம்மாவே எடுத்துக்கொடுக்கத்தான் சொல்லியிருப்பாள். படிகளில் அண்ணனிடம் அத்தனை உறுதியாக வந்த குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. வாயைத் திறந்தபோது "அம்மா" என்றுதான் வந்தது.

"பந்த் கரூம், பாபுஜி?" என்று, மூடிவிடலாமா என்று பெட்டிக்காரன் கேட்டான். இஸ்ரவேல் தலையசைத்தான்.

முதல் ஆணி இறங்கியது. இன்பராணி அழுதாள். அம்மாவுக்காகவா காகிதத்துக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அது தெரியாததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஞானப்பூ அக்காவின் பிடி இறுகிக்கொண்டே இருந்தது. அதில் வியர்வையும் ஓடிகோலனும் மணத்தன.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனாள். துணைக்கு இருந்த கௌர் ஆன்ட்டி துண்டுகளைத் துவைத்து, தம்ளர்களைத் துடைத்து, சூட்கேஸின் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தாள். "பேக் கர்னே மே ஆஸானி ஹோகி, பேட்டி" என்று, திரும்ப அடுக்க வசதியாயிருக்கும் என்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அப்பா கையை நீட்டினார். அவள் தன் வலது கையைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அவளுடைய மற்றக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாக விட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான்தாம்பா பார்த்துக்கல" என்றாள். அவர் திரும்பவில்லை.

இஸ்ரவேல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். "அப்போ… சனிக்கிழமை?"

"ஏர்லைன் ஆபீஸ் பத்து மணிக்குத் திறப்பான். டிக்கெட் ஃபைல்ல இருக்கு, கொண்டு போ."

"தேதி மாத்தணுமா?"

"கேன்சல் பண்ணிரு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் மனம் மாறிவிடுமோ என்று பயந்தது போல் ஃபைலை எடுத்துக்கொண்டு போனான். படிகளில் அவன் செருப்புச் சத்தம் கொஞ்சம் வேகமாகவே இறங்கியது.

அப்பாவின் விரிப்பு நனைந்திருந்தது. சூட்கேஸில் மிச்சமிருந்த வெள்ளை விரிப்பை எடுத்து, மடிப்புக் கலைத்து, அம்மா செய்வது போல அவரை ஒரு பக்கமாகப் புரட்டி விரித்தாள். அவர் தடுக்கவில்லை. தொட விட்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மாவின் பாயை இழுத்துத் தரையில் போட்டாள். பாய் இருந்த இடம் காலியாயிற்று. சூட்கேஸை மூடினாள். போன வாரம் எடை பார்க்கக் கீழே மாவு மில்லுக்கு அதைத் தூக்கிப்போக அண்ணனும் அவளுமாக இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது லேசாகக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரில் முட்டி நின்றது.