படத்துக்குக் கீழே ஒரு குழந்தை

டிவியில் படத்துக்கு என்ன அளவு வைக்கிறார்களோ அந்த அளவில்தான் அந்த வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். வெளியே கிளம்பினால் அளவும் கூடவே வந்தது. பொன்மலையில் புது டிவி வாங்கிய எல்லா வீடுகளிலும் இதே கதைதான் என்பதால் டெல்பினா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய பயமெல்லாம் குழந்தை ஆன்லினைப் பற்றியது. தவழ ஆரம்பித்திருந்தாள். கையில் அகப்பட்டது எதுவும் அடுத்த நொடி வாய்க்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதுவரை பிள்ளை எதையும் விழுங்கித் தொலைக்காமல் முழுசாக இருந்தால் போதும் என்று டெல்பினா வேண்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் 'வைட்' வைத்திருந்தார்கள். எல்லோரும் பக்கவாட்டில் விரிந்திருந்தார்கள். அவள் கணவன் ஜெரால்டுக்குச் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. தோசை முட்டை வடிவில் வந்தது. கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் குறுக்குவாட்டில்தான் நீண்டது. ஆனாலும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஆன்லினின் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்ததுதான் காரணம். பிள்ளை பிறந்ததிலிருந்து "பால் பத்தலையோ?" என்று கேட்டே டெல்பினாவின் தூக்கத்தைக் கெடுத்த எதிர்வீட்டு ரெஜினாக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இப்பத்தான்டி பிள்ளை பிள்ளையா இருக்கு. அப்படி என்னதான் குடுக்கிற?"

"டிவியில வைட் வச்சிருக்கோம்க்கா."

"அதானே பாத்தேன். எங்க மருமககிட்டயும் வைக்கச் சொல்றேன்."

எடை பார்க்க வந்த நர்ஸ் மட்டும், தராசு முள் பழைய இடத்திலேயே நிற்பதைக் கவனித்து, அட்டையில் 'அகலம் நன்று' என்று எழுதிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மாமனார் அருளப்பன் ஒரு பழைய சினிமாஸ்கோப் படம் போட்டார். திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. ஹாலிலும் விழுந்தது, உத்தரத்தை ஒட்டி ஒன்று, தரையை ஒட்டி ஒன்று. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாவு வீட்டுலதாம்மா கறுப்புக் கட்டுவாங்க. ஞானஸ்நானத்த வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள கறுப்பு ஆகாது" என்று சொல்லி 'ஜூம்' போட்டார்.

கறுப்பு போய்விட்டது. எல்லோரும் பெரிதானார்கள். பெரிதானதில் மேலே கொஞ்சமும் கீழே கொஞ்சமும் படத்துக்கு வெளியே போயின. ஜெரால்டு உயரமானவன், புருவத்துக்கு மேலே அவன் இல்லை. கண்ணாடி முன் நின்று, தலை இருக்க வேண்டிய இடத்தை வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். முழங்காலுக்குக் கீழே யாருக்குமே எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழேதான் ஆன்லின் பாயில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, பிள்ளை போயிட்டா."

"எங்க போனா?"

"படத்துக்குக் கீழ."

"அங்கதான இருக்கா, ஓடியா போயிடப் போறா? இந்தப் பாட்டு முடியட்டும்."

கீழேயிருந்து குழந்தையின் 'ங்கா' கேட்டது. டெல்பினா கேழ்வரகுக் கூழைக் கரண்டியில் எடுத்து, படம் முடியும் இடத்துக்குக் கீழே இறக்கினாள். கரண்டி சுத்தமாக மேலே வந்தது. மறுபடி இறக்கினாள். மறுபடியும் சுத்தம். மூன்றாம் தடவை விரலில் ஒரு கடி கிடைத்தது. அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அப்போதுதான் மாமனாரின் நாற்காலிக் கையிலிருந்து ரிமோட் நழுவியது. வாங்கிய அன்றே அதற்குப் பாலித்தீன் உறை போட்டு, மேலே ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். கீழே உறை கசங்கும் சத்தம் கேட்டது. ரப்பர் பேண்ட் தெறிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வாய் நிறைய எதையோ வைத்திருக்கும் பிள்ளையின் அமைதி எப்படி இருக்கும் என்று டெல்பினாவுக்குத் தெரியும்.

மாமனார் டிவிக் கடைக்குப் போன் போட்டார்.

"ஜூம்ல போயிருச்சா சார்? தலை மட்டுமா, ஆளேவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பிள்ளை முழுசாவே கீழதான் இருக்கு. ரிமோட்டும் அதுகிட்ட."

"டிவியில பட்டன் கிடையாது சார். பெரியவங்க யாராச்சும் கீழ இறங்கணும். பாத்து இறங்கச் சொல்லுங்க, இடம் கம்மி."

"பாட்டு முடிஞ்சதும் நானே..." என்று ஆரம்பித்தார் மாமனார்.

"நீங்க உக்காருங்க மாமா."

டெல்பினா நைட்டி மேல் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கினாள். கான்வென்டில் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் சொல்லும் ஜெபத்தை வேகமாகச் சொன்னாள். தரையில் குப்புறப் படுத்து, படத்தை விட்டு வெளியே போனாள்.

அங்கே தாழ்வாக இருந்தது. வெளிச்சம் குறைவில்லை. மாமனாரின் பாதங்கள் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. திரையின் அடியில் ஓடி, ஜூமில் வெட்டுப்பட்ட செய்தி வரிகள் நூடுல்ஸ் மாதிரி தரையெங்கும் சிக்கிக் கிடந்தன. நடுவில் ஆன்லின் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வரி நீளமாகத் தொங்கியது. டெல்பினா கன்னத்தை அமுக்கி, விரல் விட்டு, மெதுவாக இழுத்தாள். 'தென் மாவட்டங்களில் இடியுடன் கூடிய' என்பதுவரை எச்சிலோடு வந்தது. மழையை விழுங்கியிருந்தாள், அது மறுநாள் காலை துணியில் வந்தது. ரப்பர் பேண்ட் கணுக்காலில் வளையல் மாதிரி கிடந்தது. டெல்பினா அதைக் கழற்றித் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

ரிமோட்டை வாங்கப் போனாள். ஆன்லின் தரவில்லை. இருவரும் இழுத்தார்கள். பிள்ளை எதை எதையோ அமுக்கினாள். கடைசியில் 'ஒரிஜினல்' வந்தது.

எல்லோரும் அவரவர் அளவுக்குத் திரும்பினார்கள். மேலும் கீழும் கறுப்பு வந்து உட்கார்ந்தது. ஆன்லினின் கன்னம் பழையபடி ஒட்டியது. ஆனால் தலை உச்சியிலிருந்து குதிகால்வரை அம்மாவின் மடியில் இருந்தாள்.

"கறுப்பு வந்துருச்சேம்மா."

"இருக்கட்டும் மாமா. நடுவுல நாம முழுசா இருக்கோம்ல."

"ரிமோட்டக் குடு."

"பிள்ளைகிட்டக் கேளுங்க."

அவர் கேட்டுப் பார்த்தார். பிள்ளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சாயந்திரம் ஜெரால்டு நெற்றியோடு வீட்டுக்கு வந்தான். அதைப் பார்த்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கறுப்புப் பட்டை இரண்டும் கூடவே வந்தன.

"என்னடி, பிள்ளை மறுபடி இளைச்சுட்டா?" என்றாள் ரெஜினாக்கா.

"ஒரிஜினல்க்கா" என்றாள் டெல்பினா.

சாமியார் ஆன்லினின் தலையில் தண்ணீர் ஊற்றினார். முகம் சுருங்கியது, வாய் காது வரை திறந்தது, சத்தம் வரவில்லை. சாமியார் சொம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"வரும் சாமி. பிள்ளை ரிமோட்ல எதையோ அமுக்கினதுல அவ சத்தம் மட்டும் படத்துக்குப் பிந்தி வருது. நீங்க நடத்துங்க" என்றார் மாமனார்.

மத்தியானம் வீட்டில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தபோது அழுகை வந்து சேர்ந்தது. ஆன்லின் அப்போது ரெஜினாக்காவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். டெல்பினா அவளைத் தூக்கித் தோளில் போட்டு, அழுகை தீரும்வரை தட்டிக்கொடுத்தாள். பிறகு இறக்கிவிட்டாள். சிரிப்பு வருவதற்குள் பந்திக்கு ஒரு சுற்று தயிர்ப்பச்சடி வைத்துவிடலாம் என்று வாளியை எடுத்தாள்.